வயலின் பெட்டி ஏன் திறக்கவில்லை?

பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு வயலின் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் ஒரு கேரம் போர்டு, அஞ்சல்தலை ஆல்பம், கல் பதித்துத் தங்க ரேக்கும் ஒட்டிய பிறகு வண்ணம் தீட்டாமல் நின்றுபோன தஞ்சாவூர் ஓவியப் பலகை. சொந்தக்காரரைக் கேட்டால், "முன்ன மாதிரி இன்ட்ரஸ்ட் இல்லைங்க, நேரமும் இல்லை" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் கைப்பேசியில் கரைந்ததையும் அவரே ஒப்புக்கொள்வார். ஆக, நேரத்தின் மேல் பழி போட முடியாது. இன்ட்ரஸ்ட் என்று அவர் சொல்வது எது, அது எங்கே போயிற்று? இதற்குப் பாதி விடை, எலிகளின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வாளரிடமிருந்து வந்தது.

எலிக்கு ஏது முகபாவம் என்று சிரிக்க வேண்டாம். சர்க்கரைக் கரைசலை ஒரு சொட்டு வாயில் விட்டால் எலி நாக்கை நீட்டி நீட்டி உதட்டை நக்கும்; கூடவே முன்னங்கால் பாதத்தையும் நக்கிக்கொள்ளும். கசக்கும் கொய்னாவை விட்டால் வாயை அகலப் பிளக்கும், தலையை உதறும், முகவாயைத் தரையில் தேய்க்கும். பிறந்த குழந்தையும் ஏறக்குறைய இதையே செய்கிறது. சேனை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சப்புக்கொட்டல் நினைவிருக்கும். (சேனையே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், அது வேறு கதை.) கென்ட் பெரிட்ஜ் என்ற மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் இந்த முகங்களைப் படம்பிடித்து, மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு நக்கலையும் எண்ணுவதில் கைதேர்ந்தவர். எலி வாய்திறந்து சொல்லாததை அவர் அதன் நாக்கிலிருந்து படித்தார்.

பெரிட்ஜ் இந்த ஆய்வில் இறங்கிய காலத்தில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள்தான் இன்பம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். ராய் வைஸ் என்ற ஆய்வாளர் 1982-இல் அதை ஒரு கோட்பாடாகவே எழுதியிருந்தார். டோபமைனைத் தடுத்தால் வாழ்க்கையின் ருசியெல்லாம் அணைந்துவிடும் என்பது அதன் சாரம். பெரிட்ஜ் வைஸோடு சேர்ந்து அதைச் சோதித்தார். டோபமைனைத் தடுக்கும் மருந்து கொடுத்த எலிகள் சர்க்கரைக்கு முகம் மலராமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எலிகள் வழக்கம்போல உதட்டை நக்கின. எங்கோ தவறு என்று நினைத்து, டெர்ரி ராபின்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இன்னும் கடுமையான சோதனைக்குப் போனார் பெரிட்ஜ். டோபமைன் சுரக்கும் நரம்புசெல்களையே ஒரு வேதிப்பொருளால் அழித்தார்கள். 1989-இல் வெளியான அந்த முடிவை இன்றைக்குப் படித்தாலும் திகைப்பாக இருக்கிறது. அந்த எலிகள் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. உணவு கண்ணெதிரே இருந்தும் அதை நோக்கி நகரவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்தே போயிருக்கும். ஆனால் ஒரு சொட்டுச் சர்க்கரையை நாமே வாயில் விட்டால், அதே நாக்கு, அதே சப்புக்கொட்டல். ருசி ஒரு குறைவும் இல்லாமல் இருந்தது. ருசியை நோக்கி எழுந்து போகவைக்கும் விசை மட்டும் போய்விட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸில் மின்முனை பதித்துத் தூண்டினால் எலி விடாமல் தின்னும். ரொம்பப் பிடித்துத் தின்கிறது என்றுதானே நினைப்போம்? 1991-இல் அதன் முகத்தையும் பார்த்தார்கள். இன்பத்தின் அடையாளங்கள் கூடவில்லை. முகம் சுளிக்கும் அடையாளங்கள்தான் கொஞ்சம் கூடியிருந்தன. பிடிக்காமலே தின்றுகொண்டிருந்தது எலி.

ஆக, மூளையில் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, "அது வேண்டும்" என்று எழுப்பி நடத்துவது. அதை நாட்டம் என்போம். டோபமைன் அதன் எரிபொருள். மற்றது, கிடைத்த பிறகு "ஆகா" என்பது. அதை ருசி என்போம். மூளையில் ஓப்பியாய்டு முதலிய வேறு வேதிப்பொருள்களால் இயங்கும் சின்னஞ்சிறு இடங்கள் அதற்குரியவை. பெரும்பாலும் இரண்டும் கைகோத்தே வருவதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். வயலின் பெட்டியின் சொந்தக்காரருக்குச் சாயங்காலம் "வாசிக்கணும்" என்று தோன்றுவதில்லை. அதை வைத்து "எனக்கு இப்போ பிடிக்கலை" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். சாட்சி சொன்னது நாட்டம். தீர்ப்போ ருசியின் மேல்.

எலிக்கும் வயலினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயம்தான். மனிதர்களிடமிருந்தும் சாட்சியம் இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, எவ்வளவு பிடித்தது என்று மதிப்பெண் போடச் சொன்ன ஆய்வுகள் பலவற்றில், அவர்கள் மற்றவர்கள் அளவுக்கே மதிப்பெண் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பரிசுக்காகக் கொஞ்சம் கூடுதலாக உழைக்கச் சொன்னால் பின்வாங்கினார்கள். இன்னொரு சாட்சியம் பார்க்கின்சன் நோயாளிகளிடமிருந்து. அந்த நோயில் டோபமைன் செல்கள் அழிகின்றன; சிகிச்சையோ டோபமைனைக் கூட்டுவது. அளவு மிஞ்சினால் சிலருக்கு விசித்திரமான ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். ரேடியோவைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக் காலை விடியும். முன்பு தையல் வேலை செய்தவர் பொத்தான்களை மணிக்கணக்கில் அடுக்குவார். பெரும்பாலும் அவரவரின் பழைய தொழிலோ பொழுதுபோக்கோதான் அந்த உருவில் திரும்பி வரும். தடுத்தால் எரிச்சல் வரும். அதனால் உபயோகம் எதுவும் இல்லை என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் கை நிற்காது. இது நாட்டம் மட்டும் தனியாக ஓடும் நிலை. கைப்பேசித் திரையைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே "சே, ஒண்ணுமே இல்லை" என்று முணுமுணுக்கிறவர்களும் இதன் மிக லேசான சாயலைத்தான் அனுபவிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, ஒருகாலத்தில் இருந்த நாட்டம் ஏன் வடிகிறது? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் சுவிட்சர்லாந்தில் குரங்குகளின் டோபமைன் செல்கள் துடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் பழச்சாறு ஒரு சொட்டு விழுந்தால் செல்கள் படபடவென்று துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வரும்போது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்பும் அடங்கியது. டோபமைன் செல்களுக்குப் பரிசு முக்கியமில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம் என்று 1997-இல் அவரும் மூளையைக் கணித மாதிரிகளால் ஆராயும் இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதினார்கள். வயலினில் முதல் கீதம் வந்த நாளில் வித்தியாசம் பிரமாண்டமானது. பத்தாம் வருடம் அதே வர்ணத்தை அதே வேகத்தில் வாசிக்கும்போது அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இன்னொரு காரணம் நம் அன்பிலேயே ஒளிந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் பிங் என்றொரு மழலையர் பள்ளி. 1973-இல் வெளியான ஆய்வுக்காக மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் அங்கே ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே பிரியமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், "படம் போட்டால் இந்தச் சான்றிதழ் தருவோம்" என்று தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய அட்டையைக் காட்டினார்கள். சிலருக்கு ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே அட்டையைக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். பரிசு கிடைக்காத குழந்தைகளும், எதிர்பாராமல் கிடைத்த குழந்தைகளும் விளையாட்டு நேரத்தில் 17, 18 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். பரிசுக்காக வரைந்தவர்களோ 9 சதவீதத்துக்கும் குறைவு. கெடுத்தது அட்டை இல்லை, முன்கூட்டியே போட்ட ஒப்பந்தம். இதை ஒட்டி உளவியலாளர்களுக்குள் பல வருடம் சண்டை நடந்தது. 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பொருளாகத் தரும், முன்பே சொல்லிவைத்த பரிசு தானாக எழும் ஆர்வத்தைக் குறைக்கிறது என்றே தெரிந்தது. வாய்விட்டுப் பாராட்டினால் கூடுகிறது என்றும் தெரிந்தது.

பரிசு வேண்டாம், வெறும் கணக்கு மட்டும் போதும் என்கிறீர்களா? டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் 2016-இல் அதையும் பார்த்துவிட்டார். எத்தனை அடி நடந்தோம், எத்தனை பக்கம் படித்தோம் என்று எண்ணியவர்கள் அதிகம் நடந்தார்கள், அதிகம் படித்தார்கள், குறைவாக ரசித்தார்கள். எண்ணிக்கை ஏறியதும் நடை வேலையாகிவிட்டது. நம் ஊரில் இதன் அடுத்த கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு பெண் ஆசைக்கு ஆரி எம்ப்ராய்டரி கற்றுக்கொள்வாள், ஆசைக்கு ஒரு கேக் செய்வாள், மூன்றாம் நாளே சித்தி சொல்வாள், "நல்லா வருதே, ஆர்டர் எடும்மா. யூடியூப்ல போடு". வருமானம் தேவைப்பட்டால் எடுக்க வேண்டியதுதான். ஆனால் அது கைத்தொழில் ஆகும்போது, இளைப்பாற வேறொன்று தேட வேண்டியிருக்கும் என்பதையும் சித்தி சேர்த்துச் சொல்லலாம்.

திரும்பி வரும் வழியைப் பற்றியும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்தது பாப்கார்ன். எட் ஓப்ரையனும் ராபர்ட் ஸ்மித்தும் 2019-இல் சிலரைக் கையாலும், சிலரைச் சீனர்களின் சாப்பாட்டுக் குச்சியாலும் ஒவ்வொரு பொரியாக எடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். குச்சிக்காரர்களுக்குத்தான் பாப்கார்ன் அதிகம் ருசித்தது. பழகிய கை செய்யும்போது கவனம் வேறெங்கோ இருக்கிறது; பழகாத குச்சி அதை வாய்க்கு இழுத்து வருகிறது. வயலின்காரர் தெரிந்த வர்ணத்தையே பாதி வேகத்தில், அல்லது கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். ஓப்ரையன் அதே ஆண்டு இன்னொன்றும் காட்டினார்: பார்த்த கண்காட்சியை மறுபடி பார்த்தால் அலுக்கும் என்று கணித்தவர்கள், பார்த்த பிறகு தாங்கள் நினைத்ததைவிட அதிகம் ரசித்திருந்தார்கள். ஒன்றைத் தொடாமல் உட்கார்ந்து அதைப் பற்றி நாம் சொல்லும் ஜோசியம் பெரும்பாலும் பொய்க்கிறது.

இடைவெளியும் எதிரி இல்லை. 2008-இல் லீஃப் நெல்சனும் டாம் மேவிஸும் மசாஜ் மெத்தையில் ஆட்களை உட்காரவைத்தார்கள். நடுவில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் கெடுதல் என்றே எல்லோரும் முன்கூட்டிச் சொன்னார்கள். நிறுத்தித் தொடர்ந்தவர்களுக்குத்தான் சுகம் அதிகம். வேக்குவம் கிளீனரின் இரைச்சலிலும் இதே கதை, தலைகீழாக: நடுவில் நிறுத்தினால் எரிச்சல் கூடியது. பழகிப்போன உணர்வை இடைவெளி மறுபடி கூர்தீட்டுகிறது, அது இனிப்பானாலும் கசப்பானாலும்.

ஒன்றை மட்டும் கலக்கக் கூடாது. வயலின் மட்டுமல்ல, சாப்பாடு, நண்பர்கள், பேரக் குழந்தையின் சிரிப்பு என எதுவுமே எட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அங்கேயும் எலியின் பாடம் உதவுகிறது. 'ஆர்வம் வரட்டும், பிறகு செய்கிறேன்' என்பதைத் திருப்பிப் போட்டு, கிழமையும் நேரமும் குறித்துச் சிறிய செயல்களை முதலில் செய்யவைக்கும் சிகிச்சைமுறை ஒன்றுண்டு. 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது, எண்ணங்களையும் சேர்த்துத் திருத்தும் முழுச் சிகிச்சைக்கு நிகராக அது நின்றது.

ஆனால் எல்லோருக்கும் எல்லாமும் திரும்பி வந்துவிடுமா? சார்லஸ் டார்வினைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் படித்த நாட்களில் கிங்ஸ் காலேஜ் தேவாலயத்துப் பாட்டுக்கு அப்படி உருகுவார். பாடகச் சிறுவர்களைக் கூலி கொடுத்து அறைக்கே வரவழைத்துப் பாடவைத்தார். மில்டனின் கவிதை நூல் அவரோடு கடற்பயணம் போனது. 1876-இல், 67 வயதில், தன் பிள்ளைகளுக்காக எழுதிய சுயசரிதையில், பல ஆண்டுகளாக ஒரு வரிக் கவிதையும் தாங்க முடியவில்லை என்றும், ஷேக்ஸ்பியரை மறுபடி எடுத்துப் பார்த்தபோது குமட்டியது என்றும் எழுதுகிறார். மனம் தகவல்களை அரைத்து விதிகளைப் பிழியும் இயந்திரமாகிவிட்டதாம். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒரு தடவையாவது கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்கிறார். எடுத்தும் பார்த்தார், வரவில்லை. என் கணிப்பு, ஒரு தடவை போதவில்லை என்பது. அவர் நினைத்ததுபோல, ரசனைக்குரிய மூளைப் பகுதியே தேய்ந்துபோயிருக்கவும் கூடும்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1876-இல் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மனைவி எம்மாவோடு தினமும் ஆடும் பேக்கமன் பகடையாட்டத்தில் தான் 2,795 ஆட்டமும் எம்மா 2,490 ஆட்டமும் ஜெயித்ததாக ஆர்ப்பரிக்கிறார். எண்ணுவது எட்கினின் ஆட்களைக் கெடுத்தது, இவரைக் கெடுக்கவில்லை. நாவலையும் விடவில்லை. சோகமாக முடியும் நாவலுக்குத் தடைச் சட்டம் வேண்டும் என்பது அவர் கட்சி.

மண்புழு மேலிருந்த நாட்டமும் போகவில்லை. 1837-இல், இருபத்தெட்டு வயதில், புழுக்கள் மண்ணைக் கிளறுவதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தவர், இடையில் எவ்வளவோ வேலைகளுக்குப் பிறகு கடைசிக் காலத்தில் அதற்கே திரும்பினார். வீட்டுக்குள் தொட்டிகளில் புழு வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று தெரிய விசில் ஊதினார், மகன் ஃபிரான்சிஸ் பஸூன் வாசித்தார், பக்கத்தில் பியானோ முழங்கியது. புழுக்கள் சட்டை செய்யவில்லை. தொட்டிகளைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்து ஒரு கீழ்ஸ்தாயிக் கட்டையை அழுத்தியதும் அதிர்வு தாளாமல் இரண்டு தொட்டிப் புழுக்களும் சட்டென்று வளைக்குள் ஓடின. 1881-இல் வெளியான அந்தப் புழுப் புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது.