எஃப்.எம். ரேடியோ வீட்டுக்குள் கொரகொரன்னு இரையுதா? ரேடியோவை மாத்த வேண்டாம்... வயரை மாத்துங்க!

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டா கிராமங்கள் பலவற்றில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. இதுபோன்ற நேரத்தில் பேட்டரி போட்ட ரேடியோதான் கைகொடுக்கும். ஆனால் பல வீடுகளில் அதை ஆன் செய்தால் செய்திக்குப் பதில் இரைச்சல்தான் வருகிறது.

ஏன் இப்படி?

எஃப்.எம். அலைகள் கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும். மலையும் உயரமான கட்டடமும் குறுக்கே நின்றால் மறைந்துவிடும். கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பி, தகரக் கூரை எல்லாம் சிக்னலைக் குறைத்துவிடும். மொட்டை மாடியில் கணீரென்று பாடும் ரேடியோ ஹாலுக்கு வந்ததும் இரைவது இதனால்தான்.

வயர் எவ்வளவு நீளம்?

100 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 3 மீட்டர். அதில் பாதி நீளத்துக்கு ஆன்டெனா இருந்தால் சிக்னலை நன்றாகப் பிடிக்கும். சின்ன செட்டில் இழுக்கும் கம்பி அந்த அளவுக்கு வருவதில்லை. கணக்கு ரொம்ப ஈஸி: 142.5-ஐ ஸ்டேஷன் எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். கொடைக்கானல் எஃப்.எம். 100.5 என்றால் சுமார் 1.42 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 71 சென்டிமீட்டர்.

இரட்டை வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் 71 சென்டிமீட்டர் வரை இரண்டாகப் பிரித்து, இடமும் வலமுமாக 'டி' வடிவில் சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். மீதி வயர் ரேடியோவுக்கு. ஆன்டெனா மாட்ட செட்டின் பின்னால் இரண்டு திருகு இருந்தால் ஆளுக்கொன்று. வெறும் கம்பி மட்டும் உள்ள செட்டுக்கு இந்த 'டி' வேலையே வேண்டாம். 2, 3 மீட்டர் ஒற்றை வயரைக் கம்பியில் கிளிப் போட்டு ஜன்னல் வரை இழுத்தாலே வித்தியாசம் தெரியும்.

'டி'யின் அகலப்பக்கம் டவரைப் பார்த்து இருக்கணும். சரிவரவில்லையா, செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அப்படியும் இரைந்தால் எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றினாலும் இரைச்சல் குறையும்.

போனில் கேட்பவர்களுக்கு இயர்போன் வயர்தான் ஆன்டெனா. புளூடூத் அந்த வேலையைச் செய்யாது. எஃப்.எம். வசதி உள்ள போன்களில் அதை முடக்கி வைக்க வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசே அறிவுறுத்தியது, பேரிடர் காலத்தை மனதில் வைத்துத்தான்.

வெளியே வயர் கட்டினால் மின்கம்பி பக்கமே போகக்கூடாது. இடி மின்னல் வருவதற்கு முன்பே வயரைக் கழற்றிவிடணும், செட்டை ஜன்னலோரம் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

டவருக்குப் பக்கத்திலேயே வீடு என்றால் இதெல்லாம் தேவையில்லை. அங்கே நீள வயர் போட்டால் ஸ்டேஷன்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இருக்கிற கம்பியை உள்ளே தள்ளினாலே போதும்.