பூட்டு வாடகை தராது சார்!

"கூடுவாஞ்சேரி பக்கம் போ, வீடு சீப்பா கிடைக்கும்!" மாம்பலத்திலும் கிண்டியிலும் வாடகை கொடுத்து முழி பிதுங்கியவர்களுக்கு நண்பர்கள் சொல்லும் அருள்வாக்கு இது.

நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் போய் இறங்குங்கள். ஊரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகர் வரை தடுக்கி விழுந்தால் ஃப்ளாட்தான். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் புரோக்கர்களுக்குப் புது வசனம் வேறு: "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே சார்!"

சாயங்காலம் அண்ணாந்து பாருங்கள். பல ஜன்னல்களில் விளக்கே எரியாது. சரி, காலிதானே என்று விசாரித்தால், "பேச்சிலரா? ஸாரி!" ஃபேமிலி என்றால், "பத்து மாச அட்வான்ஸ்!"

சப்ளை கூடினால் விலை இறங்கும் என்று பி.காமில் படித்தோமே, என்ன ஆச்சு?

2011 சென்சஸ்படி நாட்டின் நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. மறுவருஷமே மத்திய அரசின் நிபுணர் குழு, நகரங்களில் சுமார் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக்காரர்களுக்கானது. அதாவது கட்டுவது ஒருத்தருக்கு, தேவைப்படுவது இன்னொருத்தருக்கு!

ஓனர் கணக்கையும் பார்ப்போம். 50 லட்சம் போட்டு வாங்கிய ஃப்ளாட்டை மாதம் 12,000 ரூபாய்க்கு விடுகிறார் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,44,000. மூன்று சதவீதம்கூடத் தேறவில்லை. இதற்குப் பேங்க் டெபாசிட்டே தேவலை. அவர் காத்திருப்பது வாடகைக்கு அல்ல, விலை ஏறுவதற்கு. போதாக்குறைக்கு, "உள்ளே விட்டா காலி பண்ண மாட்டான்" என்ற பயம். தொங்குகிறது பூட்டு.

இந்தப் பயத்துக்கும் பத்து மாச அட்வான்ஸுக்கும் மருந்தாகத்தான் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாச வாடகைதான். ஆனால் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதுவே செல்லும். ஆகவே பத்து மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசிப் பயனில்லை. பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். எத்தனை மாதத்துக்கு வீடு, வாடகை எப்போது ஏறும், காலி செய்தால் அட்வான்ஸ் எப்போது திரும்பும், பெயின்டிங் செலவு யாருடையது என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸுக்கு ரசீது கேட்க வெட்கப்படாதீர்கள். காலக்கெடு எழுத்தில் இருந்தால் ஓனருக்கும் நிம்மதி.

ஹவுஸ் ஓனர் மகாஜனங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பேச்சிலர் ராத்திரி லேட்டாக வருவான், பாட்டுச் சத்தம் வைப்பான், மொட்டை மாடியில் லுங்கி காயப்போடுவான்... எல்லாம் சரிதான். ஆனாலும் ஒண்ணாம் தேதி வாடகை தருவான். பூட்டு தருமா?