ஊரும் மின்சாரமும் – 7: ஊராட்சி வாங்கிய காற்றாலை

ஓடந்துறை ஊராட்சியின் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. ஊர் இருப்பது கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நீலகிரி அடிவாரத்தில். காற்றாலை நிறுத்தப்பட்டதோ உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தடையில்லாமல் வீசும் நிலப்பரப்பு அது; மலை மறைக்கும் ஓடந்துறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1996-இல் ஆர். சண்முகம் ஊராட்சித் தலைவரானார். அடுத்த சில ஆண்டுகளில் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று வசதிகள் பெருகின. கூடவே மின்கட்டணமும் பெருகியது. நீரேற்றும் மோட்டார்தான் பெரிய செலவாளி. முதலில் இரண்டு குக்கிராமங்களின் தெருவிளக்குகள் சூரிய மின்சாரத்துக்கு மாறின. 2003-இல் குடிநீர் மோட்டாருக்காக 9 கிலோவாட் மரவாயுக் கலன் வந்தது. மரத்துண்டுகளைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைச் சுத்தப்படுத்தி எஞ்சினில் செலுத்துவார்கள். ஆனால் இந்தக் கலனுக்குத் தினமும் விறகு போட வேண்டும், தாரும் சாம்பலும் அள்ள வேண்டும். விறகு விலை ஏறினால் லாபம் கரைந்துவிடும்.

2006-இல் ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலையை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய்: ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஆண்டு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட். இடைவிடாமல் முழுத்திறனில் சுழன்றால் 30 லட்சத்துக்கு மேல் வர வேண்டும். காற்று கொடுப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அதுவும் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ 4.5 லட்சம் யூனிட். மிச்சம் மின்வாரியத்துக்குப் போனது.

மைவாடியில் பிறந்த மின்சாரம் ஓடந்துறை மோட்டாரைத்தான் சுழற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. மின்தொகுப்பில் சேர்ந்த பிறகு எல்லாம் ஒரே மின்சாரம். அங்கே செலுத்திய யூனிட்டை இங்கே கட்டணத்தில் கழிப்பது கணக்கு வேலை. உண்மையில் ஓடந்துறையின் சாதனை இயந்திரத்தைவிட இந்தக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது. அதே தொகுப்பின் மறுமுனையைப் பார்க்க வடசென்னைக்குப் போக வேண்டும். மூலக்கொத்தளத்தை ஒட்டிய பேசின் பிரிட்ஜில் 1996 முதல் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் இருக்கிறது. எண்ணூரில் 450 மெகாவாட் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017 வரை நிலக்கரி எரித்தது. மின்சாரம் ஊரெங்கும் போனது. புகையும் சாம்பலும் அந்தப் பகுதிக்காரர்களுக்கு. இயந்திரம் பக்கத்தில் இருப்பதாலேயே அவர்கள் கட்டணத்தில் ஒரு யூனிட்கூடக் கழியவில்லை. உரிமையாளர் யார் என்பதில்தான் வேறுபாடு.

ஓடந்துறையைப் பார்த்துவிட்டுப் போன ஊர்கள் பல. அந்த வழியில் போனவை சொற்பம். கையில் 40 லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஊராட்சி அரிது, கடன் கொடுக்கும் வங்கி அதனினும் அரிது. 2011-இல் வந்த முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் வேறு வகை: 300 சதுர அடி வீடு, கூரையில் சூரியத் தகடு, முழுச் செலவும் அரசுடையது. அங்கே குடும்பம் பயனாளி. ஓடந்துறையில் ஊராட்சியே முதலாளி. முதலாளி என்றால் பழுதுபார்ப்பும் தேய்மானமும் அதன் தலையில்தான். காற்றாலையின் ஆயுள் பொதுவாக 20 முதல் 25 ஆண்டு. அதற்குள் கடனை அடைப்பதோடு, அடுத்த இயந்திரத்துக்கும் ஒதுக்கிவைக்க வேண்டும்.