பழைய பாத்திரங்களுக்குப் புதிய வேலை

கமக்காரர் வீடுகளின் பின்புறத்தில், பயன்படாதென ஒதுக்கப்பட்ட பொருள்கள் பல கிடப்பதைக் காணலாம். வாய் உடைந்த குடம், மூலை நசுங்கிய பிஸ்கற்றுத் தகரம், பால்மாப் பேணி, கிழிந்த சாக்கு, ஒட்டுப்போட இடமில்லாத சைக்கிள் ரியூப் ஆகியன இவற்றுட் சில. வீட்டிற்கு உதவாத இவற்றுட் பல, தோட்டத்திற்கும் வயலுக்கும் உதவக்கூடியவை. ஆயினும் எப்பொருளை எவ்வேலைக்கு எடுக்கலாம் என்பதை அதன் தோற்றத்தைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது. அது முன்பு எதனைத் தாங்கியிருந்தது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

மண்குடத்து நீர் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், குடத்தின் சுவரிலுள்ள நுண்துளைகளினூடாக நீர் கசிந்து ஆவியாவதேயாகும். இக்கசிவைப் பயிரின் வேருக்கும் பயன்படுத்தலாம். வாய் உடைந்த குடமொன்றைக் கழுத்துவரை நிலத்திற் புதைத்து நீரால் நிரப்பினால், சுற்றியுள்ள மண் காயும்போது நீரை இழுத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு குறையும். சீன தேசத்தில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேளாண்மை நூலொன்றிலும் இம்முறை கூறப்பட்டுள்ளது. ஆறு முதல் எட்டு லீற்றர் கொள்ளும் குடத்தைச் சுற்றி, ஒரு சாண் தூரத்தில், பூசணி, பாகல், புடோல் அல்லது வத்தகையில் நான்கு கன்றுகளை வளர்க்கலாம். மண்ணையும் வெயிலையும் பொறுத்து, இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை குடத்தை நிரப்பினாற் போதுமானது. கிணற்றில் நீர் இறங்கும் சிறுபோகக் காலத்தில் இது சிறிய உதவியன்று.

கறி சமைத்த சட்டியை இதற்கு எடுப்பவர் ஏமாறுவர். எண்ணெயும் புகையும் ஊறிய சுவரில் துளைகள் அடைபட்டிருக்கும். அத்தகைய சட்டியின் அடியில் துவாரமிட்டு, மிளகாய் அல்லது கத்தரி நாற்று வளர்க்க உபயோகிக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப்போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களிலே தண்ணீர்க் குடத்திலும் வெள்ளைப் படிவு அடைந்திருக்கக்கூடும். தேசிக்காய்ப் புளியும் மணலும் இட்டுத் தேய்த்தால் அது நீங்கும். புதைப்பதற்கு முன் குடத்தை நிரப்பி நிழலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். சில மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரம் காட்டுமாயின் குடம் தகுதியானது. வெடிப்பிருப்பின் சிறிது சீமெந்து பூசினாற் போதும்.

தகரத்திற்கும் பேணிக்கும் ஏற்ற வேலை விதை காப்பதாகும். பயறு, கௌபீ, உழுந்து ஆகியவற்றைச் சாக்கிற் கட்டி வைத்தவர், விதைக்கும் நாளில் அவிழ்த்துப் பார்த்துத் துளைபட்ட கோதுகளைக் கண்டு மனம் வருந்துவது வழக்கமாகிவிட்டது. வண்டு சாக்கினுள் புதிதாகப் பிறப்பதில்லை. பெரும்பாலும் வயலிலேயே முட்டை இடப்பட்டு, தானியத்தோடு வீட்டிற்கு வந்துவிடுகிறது. புழு மணியினுள்ளே இருந்து தின்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளிவரும். அவ்வண்டு மீண்டும் முட்டையிடும். காற்றுப் புகாத பாத்திரத்தில் விதையை நிரப்பி மூடினால், உள்ளிருக்கும் பூச்சிகள் தம் சுவாசத்தினாலேயே அங்குள்ள ஒட்சிசனைக் குறைத்துவிடும். பின்னர் அவை பெருகமாட்டா.

இதற்கு விதையை நன்கு உலர்த்தல் வேண்டும். பல்லாற் கடித்தால் நசியாமல் முறியும் பருவமே தக்கது. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைத்தால் பாத்திரத்தினுள் வியர்வை பிடிக்கும். ஆதலால் ஆறவிட்டே அடைத்தல் வேண்டும். பாத்திரத்தை வாய்வரை நிரப்புதல் முக்கியம். விதை குறைவாயின் சிறிய பேணியையோ சோடாப் போத்தலையோ எடுக்கலாம்; அல்லது மிகுதி இடத்தை உலர்ந்த சாம்பலால் நிரப்பலாம். பால்மாப் பேணியின் மூடி மட்டும் காற்றைத் தடுக்காது. சைக்கிள் ரியூப்பை வளையங்களாக வெட்டி, மூடியின் விளிம்பின்மேல் இறுக்கமாகப் போடுதல் நன்று. எவ்வாறிருக்கிறதென்று வாரந்தோறும் திறந்து பார்ப்பவருக்கு இம்முறை பயன்தராது.

நெல் விதைக்கு அளவு பெரிதாகையாற் பேணி போதாது. எனினும் கிழிந்த சணற்சாக்கைத் தைத்து, 24 மணி நேரம் ஊறிய விதைநெல்லை முளைகட்டுவதற்கு உபயோகிக்கலாம். பழைய நுளம்பு வலை நாற்று மேடைக்கு மூடியாகும். ஒலிநாடாப் பேழைகளிலுள்ள நாடாவைக் கதிர் முற்றும் வயலின் குறுக்கே கட்டினால், காற்றில் அதிர்ந்து குருவிகளை விரட்டும். ஆனால் குருவிகள் சில நாட்களில் இதனைப் பழகிக்கொள்ளும். வெற்று உரப்பையில் மண் நிரப்பி வாய்க்கால் உடைப்பை அடைக்கலாம். அதில் உண்ணும் அரிசியை ஒருபோதும் இடலாகாது.

பின்னர் உதவுமென்று சேர்த்து வைக்கும் பேணி, சிரட்டை, பழைய தயர் ஆகியவற்றைக் கவிழ்த்தோ கூரையின் கீழோ வைத்தல் வேண்டும். மழை நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு ஒரு வாரம் பத்து நாட்களுள் அதிற் பெருகிவிடும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி இது குற்றமுமாகும். புதைத்த குடத்தின் வாயையும் இடைவெளியின்றி மூடி வைத்தல் அவசியம்.

எவ்வளவு கழுவினாலும் வேறு வேலைக்கு எடுக்கக்கூடாத பாத்திரமும் ஒன்றுண்டு. அது பூச்சிநாசினி, களைநாசினி வந்த கொள்கலன். பார்வைக்கு உறுதியாகவும் நல்ல மூடியோடும் இருப்பதாலேயே அது பலரைக் கவர்கிறது. நஞ்சு பிளாத்திக்குச் சுவரில் ஊறி நின்று பின்னர் சிறிது சிறிதாக வெளிவரும். அதில் வைத்த விதை முளைக்காமற் போகலாம். அதில் வைத்த தண்ணீரோ எண்ணெயோ உயிரைப் போக்கலாம். நஞ்சைப் பங்கிட்டுச் சோடாப் போத்தலில் ஊற்றி அயலவருக்குக் கொடுப்பதும் இதற்குக் குறைந்த ஆபத்தன்று. போத்தலின் நிறத்தைப் பார்த்து எடுத்துக் குடிக்கும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது எதுவெனத் தெரியாது.

வெறுமையான கொள்கலனை மூன்று முறை நீர்விட்டுக் குலுக்கி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுதல் வேண்டும். பின்பு அடியிலும் பக்கத்திலும் ஆணியாற் குத்தித் துவாரமிட்டால் ஒருவரும் அதில் எதையும் ஊற்றமாட்டார். எரித்தாற் புகை நஞ்சாகும். கிணற்றருகிற் புதைத்தால் நஞ்சு நிலத்தடி நீரிற் கலக்கும். துவாரமிட்ட கொள்கலன்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டி வைத்து, அவற்றை ஒப்படைக்கும் முறையை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும்.