ஜீப்பைத் தூக்கியாச்சு... சக்கரம் ஏன் அந்தரத்தில் சுற்றுகிறது?

மலைச்சரிவில் ஒரு மண்பாதை. மழைநீர் அரித்த பள்ளம் குறுக்கே கிடக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் தார் ஒன்று ஆடி அசைந்து ஏறிப் போய்விடுகிறது. பின்னாலேயே இரண்டு இன்ச் லிஃப்ட், பெரிய டயர்கள் என்று ஜம்மென வருகிறது இன்னொரு தார். அதன் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்ற, வண்டி அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆஃப்ரோடு பாதைகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சிதான் இது. செலவு செய்தவர் மாட்டிக்கொண்டார். செய்யாதவர் எப்படிப் போனார்?

விடை வண்டியின் உயரத்தில் இல்லை. சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதில் இருக்கிறது. அதுதான் 'சஸ்பென்ஷன் டிராவல்'.

கூடியது உயரம்... குறைந்தது என்ன?

கல்லில் ஏறும்போது சக்கரம் பாடியை நோக்கி மேலே போகும். இது 'பம்ப்'. பள்ளத்தில் தரையைத் தேடிக் கீழே இறங்கும். இது 'ட்ரூப்'.

சி.ஆர்.டி.இ இன்ஜின் கொண்ட முதல் தலைமுறை தாரில், முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன். அதன் போல்ட்டை முறுக்கினாலே வண்டியின் மூக்கு உயர்ந்துவிடும். செலவும் குறைவு. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குக்கு, மேலே 10, கீழே 10 என மொத்த டிராவல் 20 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டை முறுக்கி 5 செ.மீ உயர்த்தினால், மேலே 15, கீழே 5. மொத்தம் அதே 20தான்! கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பள்ளத்தில் இறங்கும் தூரம்தான் பாதியாகிவிட்டது. சக்கரம் தரையைத் தொடாவிட்டால், சாதாரண டிஃபரென்ஷியல் அந்தச் சக்கரத்தைத்தான் வீணாகச் சுழற்றும். சாலையிலும் ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இறங்கும்போது முன்னால் 'டக்' என்று சத்தம் கேட்கும்.

2020-ல் வந்த புதிய தாரில் டபுள் விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும் உள்ளன. இதில் ஷாக் அப்ஸார்பரின் தலையில் ஸ்பேசர் வைத்து உயர்த்துகிறார்கள். அப்போது சக்கரம் கீழே கூடுதலாக இறங்கும்தான். ஆனால், பால் ஜாயின்ட்டும் சி.வி ஜாயின்ட்டும் அளவுக்கு மீறி வளையும். மேலே போகும்போது, பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டவும் வாய்ப்பு உண்டு.

முதலில் டேப், பிறகு ஸ்பேனர்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சேஸியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஸ்டாண்டு வைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் ட்ரூப். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

என்ன செய்யலாம்?

* ட்ரூப் மிகக் குறைவாக இருந்தால், முதல் மருந்து லிஃப்ட்டைக் கொஞ்சம் இறக்குவது. காசே செலவில்லாத வழி இது.

* கரடுமுரடான பாதையில் மட்டும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரின் லிங்க்கைக் கழற்றினால், இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக நகரும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் கட்டாயம் மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வளைவில் வண்டி அதிகமாகச் சாயும்.

* உண்மையிலேயே டிராவல் கூட வேண்டுமென்றால், உயரத்துக்கு ஏற்ற நீளமான ஷாக்கும், பால் ஜாயின்ட் கோணம் திருத்தப்பட்ட மேல் கன்ட்ரோல் ஆர்மும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், இன்னொன்று உடையும்.

* சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, சி.வி பூட் கிழிகிறதா என்று பாருங்கள். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், ஜாயின்ட்டே போய்விடும்.

* கூடுதல் டிராவலுக்காக பம்ப் ஸ்டாப்பை வெட்டுவது வேண்டாம். அது இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பாற்றும் ரப்பர்.

* எந்த வேலை செய்தாலும், முடித்த கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். கேம்பரும் டோவும் மாறியிருந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீயரிங் தடுமாறும்.

ஆர்.சி புத்தகத்தையும் பாருங்கள்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி-யில் பதிவான விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே, வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்டால் பதில் கசக்கும்.

அதே ஜீப்பில்தான் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளும் பின்சீட்டில் உட்காரப் போகிறார்கள். வண்டி எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதைவிட, நான்கு சக்கரங்களும் தரையில் நிற்கின்றனவா என்பதுதான் முக்கியம்!