டிராக்டருக்குள் புகுந்த காற்று

புரட்டாசி மழை விட்டதும், கரிசல் மண்ணின் ஈரம் காயுமுன் உழுதாக வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய டிராக்டர் முக்கி முனகி நின்றுவிட்டது. டாங்கில் டீசல் இருந்தது. மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டாலும் டீசல் இறங்காதாம். அப்பா பார்த்தார், அடைப்பில்லை. பில்டரில்தான் அழுக்கு. அதை மாற்றியும் வண்டி கிளம்பவில்லை!

ஏன் தெரியுமா, தோழியரே? மாற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிட்டது. அழுத்தினால் டீசல் அநேகமாகச் சுருங்காது. நாசிலைத் திறந்துகொண்டு பீறிடும். காற்றோ சுருங்கிக்கொடுத்து, பம்பின் அழுத்தத்தை விழுங்கிவிடும்.

அப்பா பில்டரின் மேல்திருகைத் தளர்த்த, நான் கைப்பம்பை அடித்தேன். நுரையாக வந்தது (என் பாவாடையிலும்தான்). தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்கினார். அடுத்து பம்பின் திருகு. கடைசியில் நாசில் நட்டுகள். அங்கே பீய்ச்சும் டீசல் தோலையே துளைக்குமாம், என்னை நெருங்கவிடவில்லை.

இருட்டுமுன் பாதி நிலம் உழுதாயிற்று.