கொடி நெய்தவர்கள்

2022 ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் தேசியக் கொடி ஏற்றுங்கள் என்றது மத்திய அரசு. அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. கொடியோடு செல்ஃபி எடுத்து இணையதளத்தில் ஏற்றியவர்களுக்குச் சான்றிதழும் கிடைத்தது. வீட்டு வாசலில் கொடி ஏற்ற நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அது குடிமக்களின் உரிமை என்று 2004-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஏற்றிய கையோடு நாட்டுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

கொடியைச் செய்பவர்களை நாம் நினைப்பதே இல்லை. கர்நாடகத்தில் ஹூப்ளி நகரின் பெங்கேரிப் பகுதியில் கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு ஒன்றின் கொடித் தயாரிப்புக் கூடம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்று பெற்ற இடம். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாகல்கோட் மாவட்டத்து துளசிகேரியில் கதர்த் துணி நெய்யப்படுகிறது. சாயம் ஏற்றுவதும் அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களை அச்சிடுவதும் தைப்பதும் பிறகு நடக்கும் வேலைகள். நீள அகலம் 3:2 விகிதத்தில் இருக்கவேண்டும். நிறம் சற்றே மாறினாலும், சக்கரம் கொஞ்சம் விலகினாலும் அந்தக் கொடி கழிக்கப்பட்டுவிடும்.

2021 டிசம்பர் இறுதியில் கொடி விதிகள் திருத்தப்பட்டன. இயந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியஸ்டர் துணிக்கும் அனுமதி கிடைத்தது. கொடியை எல்லோருக்கும் மலிவாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற காரணத்தை ஏற்கலாம். ஆனால் தங்கள் பிழைப்பு என்னாகும் என்று கேட்டு கதர்த் தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, கொடி பிடித்த நம்மில் எத்தனை பேர் அதைக் காதில் வாங்கினோம்?

விடுதலைப் போராட்ட வீரர் திருப்பூர் குமரன் பிறந்த சென்னிமலை, நெசவாளர்களின் ஊர். 1932 ஜனவரி 10-ல் கொடியோடு ஊர்வலம் போன குமரன் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, மறுநாள் உயிர்விட்டார். அவரைக் ‘கொடிகாத்த குமரன்’ என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர் காலத்தில் கதர் என்பது ஓர் அரசியல் முடிவு. அந்நியத் துணியை விலக்கி, நம் ஊர்க் கைகளுக்கு வேலை கொடுப்பது என்ற முடிவு. கொடியும் அந்தக் கைகளின் பிழைப்பும் அன்று ஒன்றாகவே இருந்தன. அந்தப் பிழைப்பை மறந்துவிட்டுக் கொடியை மட்டும் உயர்த்திப் பிடித்தால் அது வெறும் ஆரவாரம் என்றுதான் நான் சொல்வேன்.

கிழிந்த கொடியைக் குப்பையில் போடக்கூடாது, மரியாதையோடு தனியிடத்தில் எரிக்கலாம் என்கிறது கொடி விதி. பாலியஸ்டர் கொடியை எரித்தால் புகை நாறும், துணி உருகி ஒட்டும். ஆகஸ்ட் 16 காலையில் சாக்கடையோரம் கிடக்கும் கொடிகளை எடுப்பவர் பெரும்பாலும் துப்புரவுத் தொழிலாளிதான். முந்தின நாள் சட்டையில் கொடி குத்திக்கொண்ட நாம் அவரோடு சேர்ந்து குனிந்து எடுக்கலாம்.

பள்ளியோ, ஊராட்சி அலுவலகமோ, குடியிருப்போர் சங்கமோ அடுத்த ஆண்டுக்குக் கொடி வாங்கும்போது, கதர்க் கடையில் ஒன்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடுதல் விலைதான். அந்தப் பணம் நூல் நூற்றவருக்கும் போகும்.